உலோமாவின் கோழியும் சுவரில் ஏறிய புத்தகமும்

"காகிதத்துக்கு வாய் மட்டும்தான் இருக்கு. காது இல்ல."

உமுலோகோ முகாமில் பொழுது விடிந்ததும் முதலில் கேட்கும் குரல் இதுதான். சேவல் கூவி விடிகிற காலம் போய்விட்டது. சேவல்களை எல்லாரும் எப்போதோ தின்று முடித்திருந்தார்கள். அஹுதியா அடுப்பை ஊதிக்கொண்டே இதைச் சொல்வாள். மரவள்ளிக் களியைக் கிண்டிக்கொண்டே சொல்வாள். தண்ணீர் தூக்கிவந்து குடத்தை இறக்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வாள். எந்தக் காகிதம் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

நைஜீரியாவில் பயாஃப்ரா போர் இரண்டாம் வருடத்தில் இருந்தது. சாலைகள் மூடியாயிற்று. உப்புக்குப் பெண்கள் சண்டை போட்டார்கள். கருவாட்டின் வாசனையைக் குழந்தைகள் மறந்துவிட்டார்கள். ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்கு உமுலோகோவின் மிஷன் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஒரு வகுப்பறையில் ஏழெட்டுக் குடும்பம். விமானத்துக்குத் தெரியாமலிருக்கக் கூரைமேல் பனை ஓலை போட்டு, வெளிச்சுவரில் சேற்றைப் பூசியிருந்தார்கள். உள் தாழ்வாரத்துச் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

அந்த முகாமுக்குத்தான் சுகாதார அலுவலகம் ஒரு கட்டுப் புத்தகம் அனுப்பியது. 'போர்க்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அட்டையில் இருந்தது. வெள்ளைத்தாள் கிடைக்காததால் பிள்ளைகளின் நோட்டுத் தாளிலேயே அச்சடித்திருந்தார்கள். எழுத்துக்குப் பின்னால் நீலக் கோடு ஓடும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கக்கூஸ் குழியை மூடி வை. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் குப்புறப் படு. கறியும் மீனும் இல்லையென்றால் ஈசல், நத்தை, ஓணான், பயறு, மரவள்ளி இலை தின்னு. முட்டை கிடைத்தால் முதலில் குழந்தைக்குக் கொடு. புத்தகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் முகாமுக்கு வந்த ஒரு வாரத்திலேயே அது மூக்குப்பொடிப் பொட்டலமாகிவிட்டது.

முகாமின் கிழவர்களுக்குச் சோறில்லாமல் இருக்க முடியும், பொடி இல்லாமல் முடியாது. பொடியை மடிக்கத் தாள் வேண்டும். அவர்களில் மூத்தவர் ஒஜியாகு. அஹுதியாவின் கணவனுக்குப் பெரியப்பா, அதாவது வீட்டுக்குப் பெரிய மாமனார். அந்தப் பக்கத்தில் மூத்த ஆண்களைத் 'தேதே' என்றும் மூத்த பெண்களைத் 'தா' என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"தேதே, மூக்குல ஏத்துறீங்களே, என்னன்னு பாத்தீங்களா?" என்றாள் அஹுதியா.

"பொடி."

"பொடிய மடிச்ச தாளப் பாருங்க. 'சோப்பு போட்டுக் கையக் கழுவு'ன்னு இருக்கு."

"சோப்பு எங்க இருக்கு?" என்றார் ஒஜியாகு. "அதான் பொடிக்காவது ஆகட்டும்னு கிழிச்சேன்."

கிழவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன. வேர்க்கடலை விற்றவளும் அதில்தான் கூம்பு செய்தாள். கடைசியில் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியது. அதைக் கம்பவுண்டர் இரோஹா சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார், தூங்கும்போதும். இரோஹா ஒல்லி மனிதர். கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து, நூல் கட்டிக் காதில் மாட்டியிருப்பார். மருந்துப் பெட்டியில் மருந்து குறையக் குறைய அவருக்குப் பேச்சு கூடிக்கொண்டே போனது.

"இத எப்படியாச்சும் திரும்பப் போட்டு வச்சுடணும், தா அஹுதியா. தாளும் இல்ல, மையும் இல்ல. இதுவும் போச்சுன்னா நான் என்னத்தப் படிச்சுக் காட்டுவேன்?"

அஹுதியா களிக் கட்டையால் தாழ்வாரத்தைக் காட்டினாள்.

"அந்தச் சுவரு எதுக்கு இருக்கு? அதுல போடுவோம். எவனாச்சும் சுவரக் கிழிச்சுப் பொடி மடிக்கட்டும், பாக்குறேன்."

சுவரில் படம் போடுவது அந்தப் பெண்களுக்குப் புதிதில்லை. திருவிழா வந்தால் வீட்டுச் சுவரையும் மதிலையும் மெழுகிக் கோடு இழுப்பது அவர்கள் வேலைதான். உடம்பிலும் அதே கோடு, சுவரிலும் அதே கோடு. வெள்ளை மண், செஞ்சாந்து, கரி, இலைச் சாறு எல்லாம் காட்டில் கிடைத்தன. அதற்கு எந்தச் சாலையும் திறக்க வேண்டியதில்லை. மறுநாளே வேலை ஆரம்பமானது. இரோஹா பக்கம் பக்கமாக வாசிப்பார், பெண்கள் பேசிப் பார்ப்பார்கள், அப்புறம் யாராவது ஒருத்தி கரியை எடுப்பாள். எழுத்துத் தெரியாதவர்கள்தான் அதிகம் என்பதால் எல்லாம் படம்தான்.

கக்கூஸ் பக்கம் வந்தது. குந்தி உட்கார்ந்திருக்கும் ஆளை வரைய வேண்டும். யாரோ ஒருத்தி குந்திய ஆளுக்கு நீளக் காதும் கையில் பொடி டப்பாவும் வைத்துவிட்டாள். தாழ்வாரமே சிரிப்பில் அதிர்ந்தது. ஒஜியாகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் காதை எங்கயோ பாத்திருக்கேனே."

"உங்க அப்பாவோட காது, தேதே," என்றாள் அஹுதியா.

"அப்பன்னா சரி. அவரு எப்பவும் குழிய மூடித்தான் வைப்பாரு." கிழவர் போய்விட்டார். அதற்கப்புறம் முகாமில் குழியை மூடாமல் வந்தவனை 'ஒஜியாகு அப்பன் வந்து உதைப்பான்' என்று பெண்கள் விரட்ட ஆரம்பித்தார்கள். புத்தகம் சொல்லி நடக்காதது ஒரு காதால் நடந்தது.

முட்டைப் பக்கம் வந்ததும் கரி நின்றுவிட்டது.

"படிங்க," என்றாள் அஹுதியா.

இரோஹா படித்தார். "முட்டை கிடைத்தால் முதலில் சிறு குழந்தைக்குக் கொடுக்கவும்."

ஒருத்தியும் கையை நீட்டவில்லை. சுவரைப் பார்க்க வேண்டியவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் முரடர்களும் இல்லை, மூடர்களும் இல்லை. குழந்தைக்கு முட்டை கொடுத்தால் அது திருடனாகும் என்று அவர்கள் பால்குடியிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். ருசி கண்ட நாக்கு, முட்டை தீர்ந்தபின் அடுத்தவன் கூட்டில் கை விடும். அதனால் முட்டை வீட்டு மூத்தவருக்குப் போகும். கறியும் அப்படித்தான், வயது வரிசைப்படி வந்து வந்து குழந்தையின் கைக்கு எலும்பைச் சுற்றிய நார்தான் வந்து சேரும். ஒரு பானைச் சோற்றை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் முகாமில் திருட்டுப் பட்டம் வாங்குவதைவிடப் பட்டினியே மேல்.

அஹுதியாவுக்கு இது தெரியாமல் இல்லை. அவள் அன்றைக்குச் சுவரைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்து மூலையில் தாயின் மடியில் சாய்ந்து கிடந்த உலோமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலோமா அஹுதியாவின் கொழுந்தன் மகள். தாய் எபெரே, அஹுதியாவுக்கு ஓரகத்தி. இவர்களின் கணவர்கள், அண்ணன் தம்பி இருவரும், போர்முனையில். உலோமா நடக்கப் பழகி, ஓடப் பழகி, இப்போது உட்காரவும் மறந்துகொண்டிருந்தாள். பாதம் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, குழி அப்படியே நின்றது. கருகருவென்றிருந்த முடி செம்பட்டையாகிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிணுங்கக்கூட இல்லை. முகாமின் பின்பக்கத்தில் சின்னச் சின்ன மண்மேடுகள் கூடிக்கொண்டே போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இப்பத்தான் ஆரம்பம்," என்று இரோஹா தாழ்ந்த குரலில் சொன்னார். "களியால இது தீராது. பால் பவுடர் வந்தா வரும், வராட்டி இல்ல. முட்டை, நத்தை, பயறு இப்படி எதையாவது தினமும் உள்ள தள்ளுங்க. தள்ளினா பிழைச்சுக்குவா."

நத்தையும் ஈசலும் கிடைத்த நாளில் கிடைத்தன. முட்டை மட்டும் வீட்டிலேயே இருந்தது. ஊரை விட்டு ஓடிவரும்போது மற்றவர்கள் பாயும் பானையும் தூக்கினார்கள். அஹுதியா ஒரு புள்ளிக் கோழியைக் கூடையோடு தலையில் வைத்து நடந்தாள். 'பெறாதவளுக்குக் கோழிதான் புள்ள' என்று வழியெல்லாம் கேலி. அந்தக் கோழி முகாமில் உரலடியில் இடம் பிடித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை இட்டது. முட்டை ஒவ்வொன்றும் வழக்கப்படி ஒஜியாகுவின் கைக்குப் போனது.

"எபெரே, நாளைக்கு இடுற முட்டைய இவளுக்கு அவிச்சுக் குடு."

எபெரே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தேதேக்கு என்ன சொல்லுவ?"

"அவருக்கு நான் சொல்லிக்கிறேன்."

"உனக்கென்ன தா, சொல்லிடுவ. நாளைக்கு எம்மக யாரு சட்டியிலயாவது கைய விட்டா, 'திருடியோட அம்மா'ன்னு என்னத்தான் சொல்லுவாங்க. இவள எவன் கட்டுவான்? பெத்துப் பாத்தாத் தெரியும் உனக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அஹுதியா உரலடிக்குப் போய்ப் புள்ளிக் கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "காகிதம் குடுன்னு சொல்லுது. ஏன் குடுக்க மாட்டேங்குறான்னு கேக்குதா? காது இருந்தாத்தானே கேக்கும்," என்று கோழியிடம் சொன்னாள்.

கோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இது யாருடைய கோழி?

எபெரே வெறும் ஓரகத்தி மட்டும் இல்லை. இருவரும் பிறந்தது ஒரே ஊர். அந்தப் பெண்ணைப் பார்த்துத் தன் கொழுந்தனுக்குக் கட்டிவைத்ததே அஹுதியாதான். அவர்கள் வழக்கத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் தாயின் பிறந்த வீட்டார் கோழி கொண்டுவருவார்கள். நம் தாய்மாமன் சீர் மாதிரி. அந்தச் சீரில் தகப்பன் வீட்டார் கை வைக்கக் கூடாது. வைத்தால் இரண்டு ஊரும் சிரிக்கும். உலோமா பிறந்தபோது போர் தொடங்கியிருந்தது. சாலையில் சிப்பாய்கள். பிறந்த வீட்டிலிருந்து யாரும் வர முடியவில்லை. சீர் பாக்கி நின்றது. பாக்கி நின்ற சீரைப் பிறந்த ஊர்க்காரி எவளும் கொண்டுவரலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அஹுதியா குளித்து, இருந்ததில் நல்ல துணியைக் கட்டிக்கொண்டு, கோழியோடு வந்தாள். பின்னால் அவள் பிறந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர், விருந்தாளி மாதிரி நடையைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார்கள். காலையில் கூடக் கக்கூஸ் வரிசையில் சண்டை போட்டவர்கள்தான்.

"இந்த வீட்டாருக்கு வணக்கம்," என்றாள் அஹுதியா, புது ஆள் மாதிரி.

ஒஜியாகு கண்ணைச் சுருக்கினார். "நீ இந்த வீட்டு மருமகதானே?"

"நேத்து வரைக்கும் மருமக. இன்னிக்கு நான் எபெரேயோட பிறந்த வீடு. உலோமா பேரு வச்ச சீரு பாக்கி நிக்குது. குடுக்க வந்திருக்கோம். வாங்குறீங்களா, இல்ல, எங்க ஊரு சீரு வேணாம்னு திருப்பி அனுப்புறீங்களா?"

சீரைத் திருப்பி அனுப்பிய மாமனார் என்ற பேரை ஒஜியாகு போன்ற ஆள் வாங்குவாரா? மரத்தடியில் இருந்த மற்றக் கிழவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போர் வந்த நாளிலிருந்து ஒரு நல்ல சடங்குகூட நடக்கவில்லை. ஒருவர் மடியில் பத்திரமாக முடிந்து வைத்திருந்த கடைசிக் கோலாக் கொட்டையை எடுத்து நீட்டினார். நமக்கு வெற்றிலை பாக்கு மாதிரி, அங்கே கோலா உடைக்காமல் சடங்கு இல்லை. ஒஜியாகுவின் குரல் கம்பீரமாக மாறியது.

அஹுதியா தன் இடுப்புத் துணியின் ஓரத்தைச் சர்ரென்று கிழித்தாள். கிழித்த சிவப்பு நாடாவைக் கோழியின் காலில் கட்டி, மறுமுனையை உலோமாவின் வீங்கிய விரல்களுக்குள் திணித்தாள்.

ஒஜியாகு கோலாவை உடைத்தார். அவர் சொன்னது அவர் அப்பாவும் அவருடைய அப்பாவும் சொன்ன வார்த்தைதான். "இந்தக் கோழி உலோமாவோடது."

"இசே," என்றது கூட்டம். அப்படியே ஆகட்டும் என்று பொருள்.

"இது இடுறது அவளோடது. இது பொரிக்கிறது அவளோடது."

"இசே."

"இதுல கை வைக்கிறவன் கை அவனுக்கே ஆகாமப் போகட்டும்."

"இசே," என்று அஹுதியாதான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னாள்.

மறுநாள் காலையில் கோழி கேறியது. ஒஜியாகு வழக்கம்போல் வகுப்பறை வாசலில் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். யாரும் வரவில்லை. இன்னொரு தரம் செருமினார்.

"தொண்டை கட்டிக்கிச்சா, தேதே? வெந்நீர் தரவா?" என்றாள் அஹுதியா.

"கோழி கேறுச்சே."

"ஆமா, கேட்டேன். உலோமாவோட கோழி. நல்ல பெரிய முட்டை."

"அதான், அந்த முட்டை..."

"அந்த முட்டையா? உங்களுக்கு அதுல கை வைக்கணுமா, தேதே?" அஹுதியா இதைக் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டாள். தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் கையிலிருந்த வேலையை விட்டுத் திரும்பினார்கள். "நேத்து கோலா உடைச்சு ஒரு வார்த்தை சொன்னீங்களே. கை வைக்கிறவன் கைக்கு என்ன ஆகும்னு சொன்னீங்க? எனக்கு மறந்துபோச்சு."

கிழவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடி எடுக்கும் கை. அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். பல்லில்லாத வாயை அகலத் திறந்து, இருமல் வரும்வரை சிரித்தார்.

"என் வாயாலயே என் முட்டைய வாங்கிட்டாளே. எந்த ஊர்லடா பொண்ணு எடுத்தோம் நாம?"

எபெரேதான் இன்னும் அசையவில்லை. அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"திருடின்னு..."

"அடியேய், தன் கோழி, தன் முட்டை, தன் வாய். தன் வீட்டுச் சாமானத் தின்னவளத் திருடின்னு எந்த ஊர்லடி சொல்றான்? இத இன்னிக்கு வேற யாரு தின்னாலும் அவங்கதான் திருடங்க. நீ தின்னாலும் திருடி, நான் தின்னாலும் திருடி," என்றாள் அஹுதியா.

எபெரே சுற்றிப் பார்த்தாள். ஒருத்தி தலையாட்டினாள். இன்னொருத்தி, "சரிதானே," என்றாள். எபெரே உட்கார்ந்து முட்டையைக் கிள்ளி மகளின் வாயில் வைத்தாள். உலோமா துப்பினாள். மறுபடி வைத்தாள். மறுபடி துப்பினாள்.

"பாத்தியா, உம்மக திருடியாக மாட்டா. அவளுக்குப் பிடிக்கவே இல்ல," என்றாள் அஹுதியா.

எபெரே அன்றைக்குத்தான், ஊரை விட்டு வந்தபின் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகளின் மூக்கைப் பிடித்து ஊட்டினாள்.

அன்று முதல் அந்தக் கோழிக்குக் காவல் யார் தெரியுமா? ஒஜியாகுதான். சாபம் போட்டவர் அவர். கோழி காணாமல் போனால் அவர் வாக்குக்குத்தானே கேவலம். உரலடியில் கைத்தடியோடு உட்கார்ந்துகொண்டு, பருந்தையும் பசித்த சிப்பாயையும் ஒன்றுபோல் விரட்டினார். முட்டை ஒரு நாள், நத்தை ஒரு நாள், பயறு ஒரு நாள், வந்தபோது பால். மழை வருவதற்கு முன்னால் உலோமாவின் பாதத்தில் வீக்கம் வடிந்து எலும்பு தெரிந்தது. செம்பட்டை முடியின் அடியில் கறுப்பு முளைத்தது. ஒரு நாள் காலையில் தாயின் மடியிலிருந்து தானே இறங்கி, சிவப்பு நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோழியின் பின்னால் நாலடி நடந்து விழுந்தாள். விழுந்ததும் வீல் என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு முகாமே கைதட்டியது. அழத் தெம்பு வந்துவிட்டதே.

மற்றத் தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொருத்தியும் தன் பிறந்த ஊர்க்காரியைத் தேட ஆரம்பித்தாள். உமுலோகோ கிராமத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்த பெண்கள் பல ஊர்க்காரிகள். அவர்கள் வீட்டில் ஒன்றிரண்டு கோழிகள் மறைத்து வைத்திருந்தார்கள். அகதிக்குக் கோழி கொடு என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள். உன் ஊர்ப் பெண்ணின் பிள்ளைக்குச் சீர் பாக்கி என்றால் எப்படி இல்லையென்று சொல்வது? கோழி இல்லாதவள் குஞ்சு கொடுத்தாள். அதுவும் இல்லாதவள் இரண்டு குழந்தைகளுக்கு ஒரு கோழி என்று கால் ஒன்றுக்கு ஒரு நாடா கட்டினாள். ஒஜியாகுவுக்கு வேலை ஒழியவில்லை. கோலா தீர்ந்துபோய் வெறும் வாயாலேயே வாக்குச் சொன்னார்.

நின்றுபோன முட்டைப் பக்கத்தை அஹுதியாவே சுவரில் முடித்தாள். ஒரு குழந்தை, ஒரு கோழி, கோழிக் காலில் சிவப்பு நாடா, நாடாவின் மறுமுனை குழந்தையின் கையில். அவ்வளவுதான்.

இரோஹா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "புத்தகத்துல நாடா இல்லையே, தா."

"புத்தகத்துக்கு ஓரகத்தி இல்ல. அதான் நாடாவும் இல்ல."

"மேலதிகாரி வந்து கேட்டா?"

"என்னக் கூப்புடுங்க."

மேலதிகாரி வரத்தான் செய்தார். மேடம் நுவாஜி என்று ஒரு பெண். புழுதி படிந்த காரிலிருந்து இறங்கும்போதே, "அனுப்புன புத்தகமெல்லாம் எங்க?" என்று கேட்டார். எல்லா முகாமிலும் அதே பதில் கேட்டு அலுத்திருந்தது அவர் முகத்தில் தெரிந்தது. இரோஹா அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். மேடம் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். ஒஜியாகு அப்பனின் காதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். கோழிப் படத்தில் நின்றார்.

"இது எந்தப் பக்கம்?"

"முட்டைப் பக்கம்தான். அதுல இருந்த ஓட்டைய அடைச்சிருக்கோம்," என்றாள் அஹுதியா. பிறகு நடந்ததைச் சொன்னாள். கிழவர் முதுகுக்குப் பின்னால் கையை மறைத்த இடத்தில் மேடம் சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துக் குனிந்து உலோமாவின் பாதத்தை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை.

"எங்கம்மாவும் எனக்கு முட்டை தந்ததில்ல," என்றார் எழுந்ததும். "அடுத்து அடிக்கிற புத்தகத்த இந்தச் சுவரப் பாத்துத்தான் அடிக்கணும். நீங்களே தாள்ல போட்டுத் தாங்க."

"மறுபடியும் காகிதமா?"

"மறுபடியும் காகிதம்தான். எல்லா முகாமுக்கும் சுவரத் தூக்கிட்டுப் போக முடியுமா, தா?"

அஹுதியா யோசித்தாள். "அப்ப ஒண்ணு செய்யுங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு ஊரு அம்மாமாருக்குப் படிச்சுக் காட்டுங்க. அவங்க என்ன கேக்குறாங்களோ அதையும் சேத்து அடிங்க. அப்பவாவது அதுக்குக் காது முளைக்குதான்னு பாப்போம்."

அச்சுக்கு வேண்டிய மெழுகுத்தாளில் ஆணியால் கீறி எல்லாப் படத்தையும் பெண்கள் திரும்பப் போட்டார்கள். கோழியை அஹுதியாவே போட்டாள். கீறும்போது மூன்று தாள் கிழித்து, மூன்று தரம் திட்டு வாங்கினாள். நோட்டுத் தாளில், நீலக் கோட்டின் மேல், புதுப் புத்தகம் வெளியே போனது.

அது எங்கே போனது, என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. போர் நேரம். போனது போனதுதான் என்று அஹுதியாவும் நினைத்துக்கொண்டாள். சில மாதம் கழித்து உப்புத் தேடி வெகுதூரம் நடந்து, பேர் தெரியாத ஓர் ஊருக்குள் நுழைந்தாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு கறுப்புக் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதன் காலில் சிவப்பு நாடா.

அஹுதியா தலைச்சுமையோடு அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாக்குற? கோழி விக்கிறதுக்கு இல்ல. அது எம்மவனோடது."

"யாரு சொன்னா?"

"எங்க பெரியவரு வாக்குக் குடுத்திருக்காரு. புத்தகத்துலயே இருக்கு. உனக்குப் படிக்கத் தெரியாட்டி படத்தப் பாரு."

அஹுதியா அவளோடு சண்டைக்குப் போகவில்லை. உப்பையும் மறந்துவிட்டு, வழியெல்லாம் பாடிக்கொண்டே திரும்பி வந்தாள். உப்பில்லாத களியைத் தின்ற யாரும் அன்று அவளிடம் வாய் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் திறக்கத் தோன்றாது.

போர் முடிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. பள்ளிக்கூடம் மறுபடி பள்ளிக்கூடம் ஆனது. வெள்ளையடிக்க வந்தவர்களைத் தாழ்வாரத்தில் கால் வைக்க விடாமல் ஊர்ப் பெண்கள் விரட்டினார்கள். இப்போது ஊர்ப் பெண்கள் சங்கம் அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சடித்திருக்கிறது. பழைய நீலக் கோடு, ஆணி கீறிய தடம் எல்லாம் அப்படியே தெரியும்படி. வெளியீட்டு விழாவில் முதல் பிரதியை அஹுதியாவிடம் கொடுத்தார்கள். அவள் தாளைத் தடவிப் பார்த்தாள்.

"வழவழன்னு இருக்கு. இதுல பொடி மடிக்க முடியாது. நல்ல வேலை செஞ்சீங்க," என்றாள். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலோமாதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். ஐந்து பிள்ளைகள் பெற்று, நடந்தால் தரை அதிரும் உடம்பு. இன்றைக்கும் முட்டையைக் கண்டால் முகத்தைச் சுளிப்பாள்.

உமுலோகோ பக்கம் போனால் அஹுதியாவைப் போய்ப் பாருங்கள். சந்தை நாளில் போகாதீர்கள், பயறு வடை சுட்டு விற்றுக்கொண்டிருப்பாள், பேச நேரம் இருக்காது. மற்ற நாளில் பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு. முற்றத்துக் கோழிகளின் காலில் நாடா இருக்கும். உலோமாவின் பேரன் பேத்திக்கு ஆளுக்கொரு நிறம். கோழிகளை மிதிக்காமல் உள்ளே போங்கள். கையில் குழந்தை இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் தருவதற்கு முன்னால் உங்கள் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பாள். ஆமாம் என்று மட்டும் சொன்னால் விட மாட்டாள், என்ன சாப்பிட்டது என்று கேட்பாள். யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.